முனைத்தடையும் காத்திருப்பும்: பொதுத்தடத்தின் வரலாறு குறித்து

தென் அந்தமானின் ஃபெரார்கஞ்ச் வட்டத்தில் உள்ள சௌல்தாரியிலிருந்து சென்னைக்கு 2020 ஆகஸ்ட் மாதத்துக்கு முன் ஒரு செய்தி புறப்பட்டால், அது முதலில் வானுக்கு ஏறியது. ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளைத் தொட்டுத் தரைக்கு இறங்க அதற்குக் கால் நொடி பிடித்தது; மறுமொழி வர இன்னொரு கால் நொடி. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. தீவுகளுக்கிடையேயான கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கடலை ஒளி அந்த வடத்தின் வழியே ஏழெட்டு மில்லிநொடிகளில் கடந்துவிடுகிறது. இந்த மாற்றத்தைத் தூரம் குறைந்ததாக மட்டும் பார்ப்பது போதாது. செயற்கைக்கோளின் அலைக்கற்றை தீவுகள் அனைத்துக்கும் பொதுவானது. அங்கே ஒருவர் பேச, பிறர் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கான காத்திருப்பு ஒன்று, முறைக்கான காத்திருப்பு மற்றொன்று. இரண்டும் வேறு வேறு.

இதே இரண்டு காத்திருப்புகளும் ஒரு சாண் நீளமுள்ள மின்சுற்றுப் பலகைக்குள் நேர்ந்தவை. அங்கே கணிப்பொறியின் உருவத்தையே அவை மாற்றின. அந்த வரலாறு தமிழில் பெரிதும் எழுதப்படவில்லை. நம் கணிப்பொறி வரலாறுகள் செயலியில் தொடங்கி மென்பொருளில் முடிகின்றன. செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் செப்புக்கோடுகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

அக்கோடுகளின் தொகுதிக்கு 'பஸ்' என்று பெயர். ஊருக்குள் ஓடும் பேருந்தும் இதுவும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் பொருள் 'எல்லோருக்குமானது'. செயலி, நினைவகம், வட்டு, அச்சுப்பொறி என எல்லாம் ஒரே கோட்டுத் தொகுதியில் தொங்கும். எந்த நேரத்திலும் ஒன்று மட்டுமே பேசும். பொதுத்தடம் என்று இக்கட்டுரை அதை அழைக்கிறது. அதன் வரலாறு கணிப்பொறிக்கு வெகுமுன்பே, கடற்கரையில் தொடங்குகிறது. அந்தக் கரைகளுள் சென்னையும் ஒன்று.

1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கு வங்கக் கடலின் அடியில் தந்தி வடம் இடப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராஃப் கம்பெனி அதை இட்டது. பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குத் தொடர்ந்த அவ்வழி 1871 தொடக்கத்தில் பணிக்கு வந்தது. சென்னை–பினாங்குப் பகுதி மட்டும் ஏறத்தாழ 1,400 கடல் மைல். அக்காலத் தந்திப் பொறியாளர்களுக்குத் தெரிந்த கோட்பாடு வில்லியம் தாம்சனுடையது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர். 1850களின் நடுவில் அவர் வகுத்த கணக்கின்படி, வடத்தின் ஒரு முனையில் செலுத்தப்படும் மின்துடிப்பு மறுமுனையில் வெப்பம் பரவுவதைப் போல மெல்லப் பரவித் தலைகாட்டும். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும். நீண்ட கடலடி வடங்களுக்கு இது பொருந்தியது. அவற்றின் வேகம் அவ்வளவு குறைவு. இக்கணக்கில் எதிரொலி இல்லை. சேற்றில் நடப்பவனின் காலடி சுவரில் மோதித் திரும்புவதில்லை.

எதிரொலியைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஆலிவர் ஹெவிசைட். பல்கலைக்கழகத்தில் கால் வைக்காதவர், சில ஆண்டுகள் தந்தி அலுவலராக இருந்து 1874-இல் அதையும் விட்டவர். 1876-இல் அவர் கம்பியின் தூண்டத்தையும் சமன்பாட்டில் சேர்த்தார். பரவல் அலையாக மாறியது. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் வடிவத்தாலும் அதைச் சூழ்ந்த மின்காப்பாலும் அமையும் ஒரு பண்பு மின்னெதிர்ப்பு உண்டு. அலை போகும்போது கம்பியின் முனையில் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. தன் முன்னே உள்ள அடுத்த அங்குலத்தை மட்டுமே அது அறியும். முனையில் அதே மதிப்புள்ள மின்தடை இருந்தால் அலை அதற்குள் அடங்கிவிடும். முனை திறந்திருந்தால் முழு அலையும் அதே குறியுடன் திரும்பும். முனை தரையோடு இணைந்திருந்தால் குறி மாறித் திரும்பும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளில், முனைத்தடைக்கும் பண்பு மின்னெதிர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்த அளவு திரும்பும். இன்று இளநிலை மாணவர் ஒரு மணி நேரத்தில் கற்கும் இச்செய்தியை அன்றைய பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர்களுள் ஒருவரான வில்லியம் பிரீஸ் ஏற்கவில்லை. 1887-இல் ஹெவிசைட் தன் அண்ணன் ஆர்தருடன் எழுதிய கட்டுரை வெளிவராமல் தடுக்கப்பட்டது. தூண்டத்தைக் கூட்டினால் தொலைபேசி ஒலி சிதையாமல் செல்லும் என்ற அவருடைய முடிவை அமெரிக்காவில் பிறர் நடைமுறையாக்கிப் பயனடைந்தபோது அவர் ஏழ்மையில் இருந்தார். நிறுவனத்துக்கு வெளியே இருப்பவரின் கணக்கு சரியாக இருந்தாலும் அது எத்தனை ஆண்டுகள் வாசலில் நிற்க நேரும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்றுகள் அதிகமில்லை.

மின்னணுக் கணிப்பொறிகள் வந்த முதல் தலைமுறையில் ஹெவிசைட்டின் கணக்கு பெட்டிக்குள் அதிகம் தேவைப்படவில்லை. மும்பையின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் போன்ற வெற்றிடக் குழாய்ப் பொறிகளில் துடிப்புகள் மைக்ரோநொடிக் கணக்கில் நடந்தன. சுற்றுப் பலகையில் மின்குறி ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஓடுகிறது. குறி தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் நேரத்துக்குள் அலை முனைக்குச் சென்று திரும்பிவிட்டால் எதிரொலி ஏற்றத்துக்குள்ளேயே கரைந்துவிடும். கம்பி வெறும் கம்பிதான். ஏற்றம் அதைவிட விரைவானால் அதே கம்பி அலைவழியாகிவிடும். ஒருங்கிணைந்த சுற்றுகள் வந்து ஏற்ற நேரம் சில நானோநொடிகளாகச் சுருங்கியபோது, ஒரு முழம் கம்பிகூடக் கடலடி வடத்தின் குணத்தைக் காட்டத் தொடங்கியது.

1970-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட பிடிபி-11 கணிப்பொறியின் யூனிபஸ் இந்த உண்மையை நேராக எதிர்கொண்டது. 56 கோடுகள், நினைவகமும் புறக்கருவிகளும் ஒரே தடத்தில். அதிகபட்ச நீளம் 50 அடி, அதிகபட்சம் 20 சுமைகள். கோட்டின் பண்பு மின்னெதிர்ப்பு சுமார் 120 ஓம். இரு முனைகளிலும் ஒவ்வொரு கோட்டுக்கும் 5 வோல்ட்டை நோக்கி 180 ஓமும் தரையை நோக்கி 390 ஓமும் வைக்கப்பட்டன. அலையின் பார்வையில் இவ்விரண்டும் இணையாக நிற்பதால் விளைவு ஏறக்குறைய 123 ஓம், அதாவது கோட்டின் மதிப்பேதான். யாரும் பேசாதபோது கோடு 3.4 வோல்ட்டில் ஓய்ந்திருக்கும். பேச விரும்பும் கருவி அதைக் கீழே இழுக்கும். எதிரொலியை விழுங்குவதும் ஓய்வுநிலையைத் தாங்குவதும் ஆகிய இரு வேலைகளையும் இரண்டு மலிவான மின்தடைகள் செய்தன.

நேரத்தின் சிக்கலுக்கு யூனிபஸ் தந்த விடை இன்னும் கவனத்துக்குரியது. அதில் பொதுக் கடிகாரம் இல்லை. தடத்தை ஆளும் கருவி முகவரியைக் கோடுகளில் வைக்கிறது. எல்லாக் கோடுகளிலும் குறி ஒரே கணத்தில் சென்று சேராது என்பதால் 150 நானோநொடி பொறுக்கிறது. பிறகே 'இதோ' என்னும் குறியை அனுப்புகிறது. நினைவகம் தன் வேலை முடிந்ததும் 'ஆயிற்று' என்னும் குறியைத் திருப்புகிறது. மெதுவான நினைவகமும் விரைவான நினைவகமும் ஒரே தடத்தில் வாழ இது வழி செய்தது. ஆனால் ஒவ்வொரு பரிமாற்றமும் போய்வரும் பயணங்களின் விலையைக் கொடுத்தாக வேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. தடத்தை ஆளும் உரிமையை வழங்கும் குறி மட்டும் பொதுக்கோட்டில் செல்லாமல் ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குக் கைமாறிச் சென்றது. பலகை இல்லாத செருகிடத்தில் அச்சங்கிலி அறுந்துவிடும். ஆகவே காலியான இடங்களில் வேறெந்த வேலையும் செய்யாத ஒரு சிறு அட்டையைச் செருக வேண்டியிருந்தது. பந்தியில் ஆள் வராத இலைக்கும் ஒருவர் உட்கார்ந்து பாத்திரத்தை வாங்கி அடுத்தவரிடம் நகர்த்துவது போல.

1975-இல் வந்த ஆல்டேர் 8800 கணிப்பொறியின் எஸ்-100 தடம் இதற்கு நேர்மாறு. மலிவாகக் கிடைத்த 100 முனை இணைப்பான்களே அதன் வடிவத்தைத் தீர்மானித்தன. முனைத்தடை இல்லை, கடிகாரக் கோடுகள் பிற கோடுகளுக்கு அருகிலேயே ஓடி அவற்றில் இரைச்சலைக் கிளப்பின. முனைத்தடைப் பலகைகளைத் தனியே விற்று ஒரு சிறு வணிகமே நடந்தது.

இந்தியாவுக்கு வருவோம். 1980களில் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்துக்குத் தேவைப்பட்டது பாய்மங்களின் ஓட்டத்தைக் கணிக்கும் ஆற்றல். அதிவேகக் கணிப்பொறிகளை வாங்குவது பணத்தால் மட்டும் ஆகிற காரியமாக இல்லை. ஏற்றுமதி அனுமதி இருந்தாக வேண்டும். வானிலைக் கணிப்புக்காக இந்தியா கேட்ட கிரே எக்ஸ்எம்பி-24 மறுக்கப்பட்டு, ஒற்றைச் செயலி கொண்ட எக்ஸ்எம்பி-14 மட்டுமே கிடைத்த காலம் அது. ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்தபோது யு. என். சின்ஹா தலைமையிலான குழு, சந்தையில் கிடைத்த இன்டெல் 8086 செயலிகளையும் 8087 துணைச்செயலிகளையும் கொண்டு நான்கு செயலிகள் இணைந்து இயங்கும் ஃப்ளோசால்வர் பொறியை 1986-இல் உருவாக்கியது. இந்தியாவின் முதல் இணைச்செயல் கணிப்பொறி என்று அது பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அந்நான்கையும் பொது நினைவகத்தோடு இணைத்தது இன்டெல்லின் மல்டிபஸ்.

ஃப்ளோசால்வரின் கதை வழக்கமாகத் தடையை மீறிய தன்னிறைவின் கதையாகச் சொல்லப்படுகிறது. அது தவறல்ல, ஆனால் அரைகுறையானது. செயலிகளைக் கடையில் வாங்க முடிந்தது. கடையில் வாங்க முடியாதது அவை ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே நினைவகத்தை அணுகும் ஒழுங்கு. 1983-இல் ஐஇஇஇ 796 என்ற பெயரில் தரப்படுத்தப்பட்ட மல்டிபஸ்ஸிலும் யூனிபஸ்ஸைப் போலவே முகவரி முதலில், கட்டளை பின்னர். இடையே குறைந்தது 50 நானோநொடி. 'ஆயிற்று' குறி வரும்வரை காத்திருப்பு. யார் ஆள்வது என்ற தீர்ப்புக்கு மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் உண்டு. அக்கடிகாரக் கோடுகளுக்கு 220 ஓமும் 330 ஓமும் கொண்ட முனைத்தடை. முன்னுரிமையைச் சங்கிலியாகக் கைமாற்றினால் அச்சங்கிலி ஒரு கடிகாரத் துடிப்பான 100 நானோநொடிக்குள் கடைசிப் பலகைவரை ஓடி முடிய வேண்டும். முழு வேகத்தில் மூன்று ஆளுநர்களுக்கு மேல் அது தாங்காது. நான்காவதைச் சேர்க்க விரும்புபவர் கடிகாரத்தைத் தளர்த்த வேண்டும், அல்லது சங்கிலியை விட்டுத் தனி நடுவர் சுற்று அமைக்க வேண்டும். நான்கு என்ற எண் நமக்குச் சிறியதாகத் தோன்றலாம். தடத்தின் கணக்கில் அது எல்லையைத் தாண்டிய எண்.

இத்தகைய பொறி ஏன் பாய்மக் கணக்குக்குப் பொருந்தியது என்பதற்கும் விடை தடத்தில்தான் உள்ளது. ஓட்டவெளியைப் பட்டைகளாக வெட்டி ஒவ்வொரு செயலிக்கும் ஒன்று கொடுத்தால், பெரும்பாலான கணக்கு தன் உள்ளூர் நினைவகத்திலேயே முடிந்துவிடும். பட்டைகளின் விளிம்பு மதிப்புகள் மட்டும் பொதுத்தடத்தைக் கடந்தால் போதும். வரப்போரத்து நீரை மட்டும் பங்கிடும் வயல்களைப் போல. பருவமழையைக் கணிக்கும் நிறமாலை வானிலைப் படிமங்கள் அப்படியல்ல. அங்கே ஒவ்வோர் அலைக்கூறும் உலகம் முழுவதன் கூட்டலைக் கேட்கிறது. எல்லாச் செயலிகளும் எல்லாவற்றோடும் பேசியாக வேண்டும். அதே குழு பின்னாளில் உருவாக்கிய ஆறாம் தலைமுறை ஃப்ளோசால்வரில், தரவு கடந்து செல்லும் வழியிலேயே அதைக் கூட்டிவிடும் 'ஃப்ளோசுவிட்ச்' என்னும் இணைப்பியை அமைத்தார்கள். செயலியைவிடத் தடத்தை அவர்கள் எவ்வளவு பெரிய சிக்கலாகக் கண்டார்கள் என்பதற்கு அதுவே சான்று.

1992-இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ தடம் எதிரொலியைப் பகைவனாகக் கருதும் மரபையே கவிழ்த்தது. அதில் முனைத்தடை இல்லை. மறந்துவிட்டதால் அல்ல, வேண்டுமென்றே இல்லை. ஓட்டும் சுற்று கோட்டைத் தேவையான உயரத்தில் பாதிக்கு மட்டும் ஏற்றும். அலை திறந்த முனையில் மோதி அதே குறியுடன் திரும்பும்போது மீதிப் பாதி நிறைகிறது. மின்தடைகளில் வீணாகும் ஆற்றல் மிச்சம். சிறிய, மலிவான சுற்றுகளே போதும். விலை நேரத்தில் கட்டப்பட்டது. 33 மெகாஹெர்ட்ஸில் 30 நானோநொடித் துடிப்பில் 10 நானோநொடியை அலை போய்த் திரும்பவே ஒதுக்கினார்கள். கடிகாரத்தை 66-ஆக உயர்த்தியபோது ஒதுக்கீடு 5 நானோநொடியானது. செருகிடங்களின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைந்தது.

நினைவகத்துக்கு அந்தச் சொகுசு கிடைக்கவில்லை. 1990-இல் மைக் ஃபார்ம்வால்டும் மார்க் ஹோரோவிட்ஸும் தொடங்கிய ராம்பஸ் நிறுவனம், குறுகிய தடத்தில் மிக விரைவாகப் பேசும் நினைவகத்தை முன்வைத்தது. 1999-இல் சந்தைக்கு வந்த நேரடி ராம்பஸ் நினைவகம் 400 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் இரு விளிம்புகளிலும் பேசியது. நொடிக்கு 80 கோடி துடிப்புகள். ஒரு துடிப்பின் ஆயுள் 1.25 நானோநொடி. தடத்தின் ஒரு கோடியிலுள்ள சில்லுக்குச் சென்று சேர்வதற்குள் அடுத்த துடிப்பு புறப்பட்டிருக்கும். இந்நிலையில் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவான 'இப்போது' என்ற ஒன்று இல்லை. ராம்பஸ்ஸின் விடை அழகானது. கடிகாரத்தையும் தரவுடன் சேர்த்தே பயணிக்கவிட்டார்கள். தடத்தின் தொலைமுனையிலிருந்து புறப்படும் கடிகாரக் குறி கட்டுப்படுத்தியை நோக்கி ஓடுகிறது. நினைவகம் தரவை அதன் மேல் ஏற்றி அனுப்புகிறது. கட்டுப்படுத்தியிடம் வந்ததும் அதே கடிகாரம் திரும்பி மறுதிசையில் ஓட, எழுதவேண்டிய தரவு அதனுடன் செல்கிறது. ஒவ்வொரு சில்லும் தன்னைக் கடந்து செல்லும் கடிகாரத்தை மட்டுமே பார்க்கிறது. கடைசியில் ஒவ்வொரு கோட்டையும் 28 ஓம் முனைத்தடை முடித்துவைக்கிறது.

தடம் ஒவ்வொரு செருகிடத்துக்கும் உள்ளே நுழைந்து வெளியேறித் தொடர்வதால், காலியான செருகிடத்தில் அது அறுந்துவிடும். ஆகவே நினைவகம் இல்லாத இடத்தில் வெறும் கோடுகள் மட்டும் கொண்ட தொடர்ச்சிப் பலகை ஒன்றைச் செருக வேண்டும். யூனிபஸ்ஸின் காலி அட்டை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தது! அந்நினைவகத்துக்காக இன்டெல் வடிவமைத்த ஐ820 சில்லுத்தொகுதி 1999 செப்டம்பரில் வெளிவர இருந்தது. மூன்று செருகிடங்கள் உள்ள பலகைகளில் பிழைகள் தென்பட்டதால் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, நவம்பரில் இரண்டு செருகிடங்களுடன் வெளிவந்தது. உலகின் மிகப்பெரிய சில்லு நிறுவனம் பொதுத்தடத்தில் ஒரு பங்காளியைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

சந்தையில் வென்றது விலை மலிவான டிடிஆர் மரபு. அதன் முதல் தலைமுறையில் முனைத்தடைகள் தாய்ப்பலகையில் வரிசையாக நின்றன. இரண்டாம் தலைமுறையில் அவை சில்லுக்குள்ளேயே சென்றன. கேட்கும் நேரத்தில் மட்டும் 50, 75 அல்லது 150 ஓமாகத் தோன்றி மறையும் தடைகள். சில்லுக்குள் இருக்கும் தடை வெப்பத்தோடு மாறும் என்பதால், மூன்றாம் தலைமுறையில் ஒவ்வொரு சில்லுக்கும் வெளியே 240 ஓம் மதிப்புள்ள ஒரே ஒரு துல்லியமான மின்தடையை வைத்து, அதனுடன் ஒப்பிட்டுச் சில்லு தன்னைத் தானே திருத்திக்கொள்ளச் செய்தார்கள்.

2007-இல் தரப்படுத்தப்பட்ட அந்த மூன்றாம் தலைமுறையே நேரத்தின் சிக்கலில் பெரிய முடிவை எடுத்தது. அதற்கு முன்வரை கட்டளைக் கோடுகள் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து எல்லாச் சில்லுகளையும் ஒரே கணத்தில் அடைய முயன்றன. ஆனால் ஒவ்வொரு கிளைப்பிரிவும் ஓர் எதிரொலி. டிடிஆர்3 கிளைகளைக் கைவிட்டது. கோடு முதல் சில்லைத் தொட்டு, இரண்டாவதைத் தொட்டு, வரிசையாகக் கடைசிவரை ஓடி முனைத்தடையில் முடிகிறது. இதனால் முதல் சில்லும் கடைசிச் சில்லும் ஒரே கட்டளையை வெவ்வேறு கணங்களில் கேட்கின்றன. அந்த வேறுபாட்டை மறைக்க முயலாமல் அளந்துகொண்டார்கள். பொறி விழித்தெழும்போது கட்டுப்படுத்தி ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு குறியை அனுப்பி, 'இது வந்தபோது கடிகாரம் தாழ்வில் இருந்ததா, உயர்வில் இருந்ததா' என்று கேட்கிறது. விடை தாழ்விலிருந்து உயர்வாக மாறும் இடம்வரை தன் குறியைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போட்டு, அந்தத் தள்ளுபடியை அச்சில்லுக்கென நினைவில் வைத்துக்கொள்கிறது. டிடிஆர்3-1600-இல் ஒரு துடிப்பின் ஆயுள் 625 பிகோநொடி; அதற்குள் குறி ஓடும் தூரம் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். கணிப்பொறியைத் திறந்தவுடன் திரை ஒளிர்வதற்கு முந்தைய அந்தச் சிறு இருளில் இந்த அளவெடுப்பும் நடக்கிறது.

பொதுத்தடம் இதன் பின் சுருங்கிக்கொண்டே வந்தது. பிசிஐயின் வாரிசு 2003 முதல் ஒருவருக்கு ஒருவர் என்ற தனிக்கோடுகளாக மாறிவிட்டது. 2020 ஜூலையில் தரம் வெளியான டிடிஆர்5 ஒவ்வொரு நினைவகப் பலகையையும் இரண்டு தனித்தடங்களாகப் பிரித்தது. வேகம் கூடக்கூடப் பகிர்வின் விலை கூடுகிறது. 'எல்லோருக்குமானது' என்ற பெயர் மட்டும் மாறாமல் நிற்கிறது.

எதிரொலி மட்டும் எங்கும் போய்விடவில்லை. அதற்கு வேறு வேலை கிடைத்தது. சுற்றுப் பலகையில் எங்கோ விரிசல் இருக்கிறதென்று ஐயுறும் பொறியாளர் ஒரு கூர்மையான துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறார். 100 பிகோநொடியில் திரும்பினால் குறை ஏழரை மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. 1870-இன் வடத்தில் அறுந்த இடத்தைத் தேடியவர்களுக்கு இவ்வழி இல்லை. கரையிலிருந்து மின்தடையை அளந்து தூரத்தை ஊகித்துப் பழுதுபார்க்கும் கப்பலை அனுப்பினார்கள். கண்ணாடி இழைகளாலான இன்றைய கடலடி வடங்களில் ஒளித்துடிப்பின் எதிரொலி அந்த வேலையைச் செய்கிறது. ஒரு மில்லிநொடியில் ஒளி திரும்பி வந்தால், கப்பல் கரையிலிருந்து வடத்தின் வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.